குழந்தைகளின் பேய்க்கதைப் புத்தகங்கள்: விலக்க வேண்டாம், உடன் அமர்ந்து வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அக்டோபர் மாதம் வந்துவிட்டால் ஹாலோவீன் விழாவை ஒட்டி அமெரிக்க நூலகங்கள் சின்னஞ்சிறு குழந்தைகளின் கைகளில் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று படம் போட்ட புத்தகங்களைத் திணிக்கின்றன என்றும், நம் குடும்பங்கள் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்றும் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பேத்தி அப்படியொரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு இரவில் தூங்காமல் அழுதாள் என்று அவர் குறிப்பிட்டிருந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறவள் என்ற முறையில், அவருடைய வேதனையை மதித்தும் அவர் எடுத்த முடிவை ஏற்க முடியாமலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சிறு குழந்தைக்கான பேய்க்கதைப் புத்தகம் என்பது ஒரு பெரியவரின் மடியில் வைத்து வாசிக்கப்படுவதற்காகவே உருவாக்கப்படுவது. வயதுக்குப் பொருந்தாத ஒன்று தனியாகக் குழந்தையின் கைக்குப் போனால் அழுகைதான் மிஞ்சும். வயதறிந்து தேர்ந்தெடுத்து உடன் அமர்ந்து வாசித்தால், பயத்தைக் கையாளக் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல வழி அந்த வயதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தப் பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 1 அன்று கிறிஸ்தவர்கள் அனைத்துப் புனிதர் நாளை அனுசரிக்கிறார்கள். அதற்கு முந்தைய நாளான அக்டோபர் 31 மாலைதான் ஹாலோவீன். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில், அயர்லாந்து போன்ற பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்கள் கொண்டாடிய பழைய விழாவொன்றோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்த வழக்கம், அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கு வந்தபோது பரங்கிக்காய்க்கு மாறியது. இன்றைக்கு அக்டோபர் பிறந்ததுமே வீட்டு முற்றங்களில் எலும்புக்கூடுகள் நிற்கத் தொடங்கிவிடுகின்றன, வேலிகளில் செயற்கைச் சிலந்தி வலை தொங்குகிறது, கடை வாசலில் ஆள் நெருங்குவதை உணர்ந்து தானாகவே கைகொட்டிச் சிரிக்கும் பொம்மை காத்திருக்கிறது. மழலையர் பள்ளிக்குப் போகும் குழந்தை தினமும் இவற்றைக் கடந்துதான் போய்வருகிறது. நாம் புத்தகத்தை விலக்கி வைக்கலாம், ஆனால் பருவத்தைக் குழந்தையின் கண்ணிலிருந்து விலக்கிவிட முடியாது. இத்தனைக்கும் நடுவே, குழந்தை தன் விருப்பப்படி நிறுத்தவும், மூடி வைக்கவும், மறுபடியும் முதலிலிருந்து பார்க்கவும் முடிகிற பொருள் புத்தகம் ஒன்றுதான்.

நம் வீடுகளில் குழந்தைகளைப் பயமின்றித்தான் வளர்க்கிறோம் என்றும் சொல்லிவிட முடியாது. சோறு உண்ண மறுத்தால் பூச்சாண்டி வருவான் என்கிறோம். தூங்காவிட்டால் ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்கிறோம். கடைத்தெருவில் அடம் பிடித்தால் பிள்ளை பிடிக்கிறவனிடம் கொடுத்துவிடுவதாக மிரட்டுகிறோம். அன்போடு வளர்ப்பவர்கள்தாம் இப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் அறிவேன். ஆனால் அந்தப் பூச்சாண்டிக்கு முகம் கிடையாது, கதை கிடையாது, முடிவும் கிடையாது. அவன் வந்தால் என்ன செய்வான், எப்போது திரும்பிப் போவான், யார் அவனை விரட்டுவார்கள் என்று குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. எல்லாவற்றையும்விட, பயந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டிய பெரியவரே அங்கே பூச்சாண்டியைக் கூப்பிடுகிறவராக நிற்கிறார். நல்ல படப்புத்தகத்தில் வரும் பூதத்துக்கு நிறம் உண்டு, மூக்கு உண்டு, பெரும்பாலும் 32 பக்கங்களுக்குள் வந்து போயாக வேண்டிய கட்டாயமும் உண்டு. வாசிக்கிற பெரியவர் கடைசிப் பக்கம் வரை குழந்தையின் கட்சியிலேயே இருக்கிறார். புத்தகத்தைத் தடுத்துவிட்டுப் பூச்சாண்டியை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வது எந்த வகையிலும் சரியாகாது.

பேயே இல்லை என்று சொல்லி வளர்க்க வேண்டிய பிள்ளைக்குப் பேய்ப்படம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூடநம்பிக்கைக்கு எதிரான அந்தக் கவலையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் மூன்று வயதுக் குழந்தையிடம் "அதெல்லாம் நிஜம் இல்லை" என்று சொல்வது நாம் எதிர்பார்க்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை. ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மேனார்ட் என்ற சாதுவான பூனையை அவர் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு பூனையின் முன்பாதியை மட்டும் மறைத்து, அதன் முகத்தில் மூர்க்கமான நாயின் முகமூடியை மாட்டினார்; வால் பக்கம் முழு நேரமும் குழந்தைகளின் கண்ணெதிரேயே இருந்தது. அப்படியிருந்தும் மூன்று வயதினரில் பலர் அது இப்போது நாயாகவே ஆகிவிட்டதாக நம்பினார்கள். ஆறு வயதினரோ முகமூடி போட்டாலும் பூனை பூனைதான் என்பதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஹாலோவீன் மாலையில் முகமூடி அணிந்த அண்ணனைப் பார்த்து வீறிட்டு அழும் தங்கையிடம், "அண்ணன்தானே, ஏன் பயப்படுகிறாய்" என்று கடிந்துகொள்ளும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். அவள் கண்ணுக்கு அந்த நேரத்தில் அங்கே அண்ணன் இல்லை.

ஊடகங்கள் குழந்தைகளிடம் ஏற்படுத்தும் அச்சத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் ஆராய்ந்த ஜோன் கேன்டரின் பணியும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது. சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் தோற்றம் அச்சுறுத்துகிறது, சற்றே வளர்ந்த பிள்ளைகளை நடக்கக்கூடியது என்ற எண்ணம் அச்சுறுத்துகிறது என்பது அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டது. சாதாரண மனிதன் ஒருவன் பச்சை நிறத்துப் பெரிய உருவமாக மாறும் தொலைக்காட்சித் தொடரைக் காட்டியபோது, அந்த உருவம் நல்லவர்களுக்கு உதவவே வருகிறது என்றாலும், மழலையர் பள்ளி வயதினர் அஞ்சியது அந்த உருமாற்றத்தைத்தான். ஆறுதல் தருவதிலும் இதே வேறுபாடு இருக்கிறது. மூன்று, நான்கு வயதில் விளக்கங்களைவிடப் பெரியவரின் நெருக்கம், பிடித்துக்கொள்ள ஒரு போர்வை, கையில் ஒரு பொம்மை ஆகியவையே பயன்படுகின்றன. காரணம் சொல்லித் தேற்றுவது ஏழு, எட்டு வயதுக்கு மேல்தான் நன்றாகப் பலிக்கிறது. மடியில் வைத்து வாசியுங்கள் என்று நூலகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் சம்பிரதாயம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த வயதுக் குழந்தைக்கு நம்மிடம் உள்ள மருந்தே மடிதான்.

எப்படிப்பட்ட புத்தகத்தை நல்லது என்கிறேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லிவிடுகிறேன். எட் எம்பர்லி 1992இல் வெளியிட்ட "கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்!" என்ற படப்புத்தகத்தின் பக்கங்களில் துளைகள் வெட்டப்பட்டிருக்கும். முதலில் கருப்புப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப மூக்கு, கூரிய பற்களோடு சிவந்த வாய், காதுகள், ஊதா நிறத் தலைமுடி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் பெரிய பச்சை முகம் முழுதாகக் குழந்தையின் முன் நிற்கும். புத்தகத்தின் சரியான நடுவில் குழந்தை "உன்னைக் கண்டு எனக்குப் பயமில்லை, போ!" என்று சொல்ல வேண்டும். அதன்பின் திருப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வோர் உறுப்பாக மறைந்து, இறுதியில் கருப்புப் பக்கம் மட்டும் மிஞ்சும். பயத்தைக் கொண்டுவந்த அதே விரல்தான் அதை அனுப்பியும் வைக்கிறது. எங்கள் கதை நேரத்துக்கு வந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்து ஒற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பற்கள் தெரிந்த பக்கத்தில் அந்தக் கண்ணும் மூடிக்கொண்டது. "போ!" என்று மற்றப் பிள்ளைகள் கத்தியதும் மெல்ல வெளியே வந்து, மூக்கு மறையும் பக்கத்தைத் தானே திருப்ப வேண்டும் என்று கை நீட்டினான். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னான். குழந்தை மறுபடி மறுபடி ஒரே புத்தகத்தைக் கேட்டால் பெற்றோர் சலித்துக்கொள்ளாமல் வாசிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இன்னும் பயம் முழுதாகத் தீரவில்லை, ஆனால் தீர்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அந்தக் குழந்தை நமக்கு அவ்வாறுதான் தெரிவிக்கிறது.

ஒலியும் அடுக்கும் கொண்ட கதைகள் குடும்பமாக வாசிக்க இன்னும் பொருத்தமானவை. லிண்டா வில்லியம்ஸ் எழுதி, மேகன் லாய்ட் படம் வரைந்து 1986இல் வெளிவந்த "தி லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்" என்ற புத்தகத்தில், இருட்டிய காட்டுவழியில் வீடு திரும்பும் பாட்டியை ஒரு ஜோடிக் காலணி சத்தமிட்டபடி பின்தொடர்கிறது. பிறகு காற்சட்டை, சட்டை, கையுறை, தொப்பி என்று ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒலியோடும் அசைவோடும் சேர்ந்துகொள்கிறது. இறுதியில் பரங்கிக்காய்த் தலை வருகிறது. எதற்கும் அஞ்சாத பாட்டி அப்போது ஓடிப்போய் வீட்டுக்குள் புகுந்துகொள்கிறார். கதவு தட்டப்பட்டதும் திறந்து நேருக்கு நேர் பேசுகிறார். உன்னைப் பயமுறுத்த முடியாவிட்டால் எங்கள் கதி என்ன என்று அவை கலங்க, பாட்டி அவற்றுக்கு ஒரு யோசனை சொல்கிறார். மறுநாள் காலையில் அவையெல்லாம் சேர்ந்து தோட்டத்தில் காக்கை விரட்டும் சோளக்கொல்லைப் பொம்மையாக நிற்கின்றன. தனித்தனியாக வந்தபோது அச்சுறுத்தியவை ஒன்றாகச் சேர்ந்ததும் வீட்டுக்கு வேண்டியவை ஆகிவிடுகின்றன. துரத்தியடிப்பதைவிட இப்படி வேலை கொடுத்து அமர்த்தும் முடிவே எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் நூலகத்துக்கு வரும் தமிழ்ப் பாட்டி ஒருவர் ஆங்கிலம் வாசிக்க மாட்டார். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு, காலணிக்கு "டக்கு டக்கு" என்றும் சட்டைக்குப் "படபட" என்றும் ஒலி கொடுத்துத் தம் பேரனுக்கு இந்தக் கதையைத் தமிழிலேயே சொன்னார். தமிழ் அறியாத பக்கத்துக் குழந்தைகளும் வந்து அமர்ந்து, அவரோடு சேர்ந்து தரையில் காலைத் தட்டினார்கள். ஆங்கிலப் புத்தகம் என்பதால் தமக்கு அதில் வேலையில்லை என்று ஒதுங்கிக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளின் படப்புத்தகத்தில் கதையின் பெரும்பகுதி படத்தில்தான் இருக்கிறது. பயமுறுத்தும் இடத்தில் குரலைத் தாழ்த்தவும், விடுவிக்கும் இடத்தில் உயர்த்தவும் தெரிந்தவர் எந்த மொழியில் சொன்னாலும் குழந்தை கேட்கும். சொந்த மொழியில் சொன்னால் இன்னும் நெருங்கி அமர்ந்து கேட்கும்.

பெரியவர்களின் அச்சம் சில நேரங்களில் குழந்தைகளின் அச்சத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாரிஸ் செண்டாக்கின் "வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்" 1963இல் வெளியானபோது, அதிலுள்ள கோரைப்பல் மிருகங்கள் பிள்ளைகளை மிரட்டிவிடும் என்று பலர் எதிர்த்தார்கள். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பெண்கள் இதழில் அதைக் கண்டித்து எழுதினார். அப்போது அவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. அதற்கு முன்பே, 1964இல், சிறந்த அமெரிக்கப் படப்புத்தகத்தின் ஓவியருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் கால்டிகாட் பதக்கம் அதற்குக் கிடைத்திருந்தது. அந்தப் புத்தகத்தின் அமைப்பைக் கவனித்தால் அது குழந்தையை எவ்வளவு பொறுப்போடு அழைத்துச் செல்கிறது என்பது விளங்கும். முதல் பக்கங்களில் படம் சிறியதாக, சுற்றிலும் வெள்ளை விளிம்போடு இருக்கும். குறும்பு செய்ததற்காகத் தாய் இரவு உணவின்றி அறைக்கு அனுப்பிவிட்ட சிறுவனைச் சுற்றிக் காடு வளர வளரப் படமும் வளர்ந்து விளிம்பை விழுங்கி, மிருகங்களோடு அவன் ஆட்டம் போடும் இடத்தில் சொல்லே இல்லாமல் பக்கங்கள் முழுதையும் நிரப்பிவிடும். அவன் வீடு திரும்பும்போது படம் மீண்டும் சுருங்கத் தொடங்கும். அறையில் இரவு உணவு காத்திருக்கும். அது இன்னும் சூடாகவே இருக்கிறது என்ற ஒற்றைச் செய்தி மட்டும் படமில்லாத கடைசிப் பக்கத்தில் இருக்கும். தண்டித்த தாய் தன்னை மறக்கவில்லை என்பது குழந்தைக்கு அந்தச் சூட்டிலிருந்து தெரிந்துவிடுகிறது. இப்படி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடும் புத்தகத்தை, அட்டையில் உள்ள கொம்பைப் பார்த்து விலக்கிவிடுவது பேரிழப்பு.

கடிதம் எழுதிய அன்பரின் குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நியாயம் இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது. அக்டோபரில் பல நூலகங்கள் இந்தப் பருவத்துக்குரிய புத்தகங்களையெல்லாம் ஒரே மேசையில் பரப்பி வைக்கின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்கான கெட்டி அட்டைப் புத்தகமும், பத்து வயதுப் பிள்ளைக்கான திகில் கதைத் தொகுப்பும் ஒரே பரங்கிக்காய்ப் படத்தின் கீழ் அடுத்தடுத்துக் கிடக்கும். அவசரத்தில் வரும் பெற்றோர் அட்டையையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் பார்த்து எடுத்துப் போய்விடுவார்கள். ஆல்வின் ஷ்வார்ட்ஸ் என்ற ஒரே எழுத்தாளரின் இரண்டு நூல்களைக் கொண்டு இதை விளக்கலாம். 1984இல் வந்த "இன் எ டார்க், டார்க் ரூம்" வாசிக்கப் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்காக எளிய சொற்களில் எழுதப்பட்டது. 1981இல் வந்த "ஸ்கேரி ஸ்டோரீஸ் டு டெல் இன் தி டார்க்" வளர்ந்த பிள்ளைகளுக்கானது. ஸ்டீபன் கேமல் அதற்கு வரைந்த சிதைந்த முகங்களைப் பெரியவர்களாலும் எளிதில் மறக்க முடியாது. அந்தத் தொடர்தான் 1990 முதல் 1999 வரையிலான பத்தாண்டுகளில் மிக அதிகமாக ஆட்சேபத்துக்கு உள்ளான நூல்களின் பட்டியலில், அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்குப்படி, முதலிடம் பெற்றது. அதைத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. உரிய வயதுப் பிள்ளைகள் அதை எவ்வளவு விரும்பிப் படிக்கிறார்கள் என்பதைக் கண்ணாரக் காண்கிறேன். ஆனால் அது நான்கு வயதுக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டியதில்லை. எளிய நூலிலும் கவனம் தேவை. கழுத்தில் எப்போதும் பச்சை நாடா கட்டியிருக்கும் பெண்ணின் கதை அதில் வருகிறது. நாடாவை அவிழ்த்தால் தலை கீழே விழுந்துவிடும் என்பதுதான் முடிவு. ஏழு வயதுப் பிள்ளை அந்த இடத்தில் கூச்சலிட்டு மகிழ்ந்து, அடுத்த நாளே பள்ளியில் நண்பர்களுக்குச் சொல்லும். மூன்று வயதுக் குழந்தையோ தன் தலையும் விழுமா என்று தொட்டுப் பார்க்கும்.

ஆகவே, குழந்தைக்கு வாசிப்பதற்கு முன் பெரியவர் ஒருமுறை தனியாக முழுப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பயம் எந்தப் பக்கத்தில் உச்சத்துக்குப் போகிறது, எங்கே தீர்கிறது, தீர்ந்த பிறகு மூச்சு விட்டுக்கொள்ள ஓரிரு பக்கங்களாவது இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். கடைசிப் பக்கத்திலேயே திடுக்கிட வைத்து முடிந்துவிடும் புத்தகங்கள் ஆறு வயதுக்கு மேல் இருக்கட்டும். முதல் முறை பகலில் வாசிப்பது நல்லது. இரவில் வாசித்தாலும் அதைத் தூங்குவதற்கு முன் வாசிக்கும் கடைசிப் புத்தகமாக வைக்காமல், அதற்குப் பிறகு சாதுவான வேறொன்றை வாசித்து விளக்கை அணைக்கலாம். பக்கத்தைத் திருப்பும் உரிமையைக் குழந்தையிடம் கொடுத்துவிட வேண்டும். போதும் என்று சொன்னால், கதை பாதியில் நின்றாலும், மறுபேச்சின்றி மூடிவிட வேண்டும். "இதற்கெல்லாமா பயப்படுவார்கள்" என்று சிரிப்பதும், நன்றாகப் பயந்துவிட்டாள் என்று கைப்பேசியில் படம் பிடித்து உறவினருக்கு அனுப்புவதும் குழந்தை நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையைக் குலைத்துவிடும். அடுத்த முறை பயந்தாலும் அது நம்மிடம் சொல்லாது.

வாசிக்கும்போது கேள்வி கேட்பதும் பேசவிடுவதும் குழந்தையின் மொழியை வளர்க்கின்றன என்பதைக் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு முதற்கொண்டு நூலகர்கள் அறிந்திருக்கிறோம். பேய்க்கதைகளில் அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. "இது எங்கே ஒளிந்திருக்கிறது? நீயாக இருந்தால் என்ன சொல்வாய்? இதற்குப் பசிக்கிறதோ?" என்று கேட்டால், மிரண்டு பார்த்துக்கொண்டிருந்த குழந்தை யோசிக்கத் தொடங்கிவிடும். யாரோ ஒருவர் திகில் இசையோடும் அலறலோடும் புத்தகம் வாசிக்கும் காணொளியைப் போட்டுவிட்டுப் பெரியவர் அடுத்த அறைக்குப் போய்விடும் வழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இதுவே காரணம். அங்கே நிறுத்திக் கேட்க ஆள் இல்லை, பக்கம் தன் வேகத்தில் திரும்பிக்கொண்டே போகிறது, இசை முன்னதாகவே நெஞ்சைப் படபடக்க வைத்துவிடுகிறது. அச்சுப் புத்தகம் குழந்தைக்கு அளிக்கும் பாதுகாப்பு முழுவதும் அதில் பறிபோய்விடுகிறது.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைக்குட்டியின் வயதுக்கு ஏற்ற புத்தகத்தைத்தான் எல்லோருக்கும் பொதுவாக வாசிக்க வேண்டும்; மூத்த பிள்ளைக்கு வேண்டிய திகில் கதையைத் தம்பி தங்கை தூங்கிய பிறகு தனியாக வாசிக்கலாம். சிறு பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை மூத்ததிடம் கொடுத்தால், மிரட்டிப் பார்க்கும் ஆசை தணிந்து பார்த்துக்கொள்ளும் அக்கறை வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அண்மையில் மரணம் நேர்ந்த வீட்டில் எலும்புக்கூடும் கல்லறையும் வரும் புத்தகங்களை அந்த ஆண்டு தவிர்த்துவிடுவதே நல்லது. தாத்தாவை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தப் படங்கள் விளையாட்டாகத் தெரியாது. பயக்கதையே வேண்டாம் என்று சொல்லும் குழந்தைகளையும் வற்புறுத்தக் கூடாது. வௌவால் எப்படித் தலைகீழாகத் தூங்குகிறது, இலைகள் ஏன் நிறம் மாறி உதிர்கின்றன, பரங்கி விதை எப்படிக் கொடியாகிறது என்று சொல்லும் அழகான புத்தகங்கள் இதே பருவத்தில் நிறைய வெளிவருகின்றன. பள்ளியில் மற்றவர்கள் பேசும்போது அந்தக் குழந்தைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் ஆண்டுதோறும் இந்தப் பருவத்தை ஒட்டி, மூன்று வயது வரை, நான்கு முதல் ஆறு வரை, ஏழு வயதுக்கு மேல் என்று பிரித்து, புத்தகங்களை உண்மையிலேயே வாசித்துப் பார்த்தவர்களைக் கொண்டு ஓர் அறிமுகத்தை வெளியிட வேண்டுகிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு வரி போதும்: பயமுறுத்துவது எது, அது எப்படி முடிகிறது. தமிழில் படப்புத்தகங்கள் எழுதுவோரும் வரைவோரும் இருட்டையும் நிழலையும் பூதத்தையும் சிறு குழந்தைகளுக்கு ஏற்றபடி கையாளும் கதைகளை இன்னும் அதிகமாக உருவாக்க அந்தப் பக்கமே தூண்டுகோலாகவும் அமையலாம். நூலகங்களில் பருவப் புத்தகங்களை ஒரே மேசையில் கலந்து வைப்பதைக் காணும் பெற்றோரும் நூலகரிடம் நேரில் சொல்லி, வயதுவாரியாகப் பிரித்து வைக்கும்படி கேட்க வேண்டும். கேட்பவர்கள் இருந்தால் அதைச் செய்வது எங்களுக்குக் கடினமான வேலை இல்லை. அறிமுகத்தை அக்டோபரில் வெளியிட்டால் காலம் கடந்துவிடும். அதற்குள் நல்ல புத்தகங்களின் எல்லாப் படிகளும் இரவலாகப் போயிருக்கும், தகுதியற்றவையே மேசையில் மிஞ்சியிருக்கும். செப்டம்பர் நடுவிலேயே வந்துவிட்டால் குடும்பங்கள் வேண்டியவற்றை முன்பதிவு செய்துகொள்ளவும், பிள்ளைக்குத் தருமுன் ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
பொது நூலகக் குழந்தைகள் பிரிவுப் பணியாளர்,
அமெரிக்கா.